விசரா அறிக்கையில் ‘நஞ்சு இல்லை’ என்று வந்தால்: இறந்தவர் உடல் திரவங்களில் மருந்தைத் தேடுவது எப்படி?

விசரா என்பது பிரேதப் பரிசோதனையில் நஞ்சு தேடுவதற்காக எடுத்தனுப்பும் உள்ளுறுப்புகள். கேள்வி இரண்டு பகுதியாக இருக்கிறது. பிரேதப் பரிசோதனையில் எடுக்கும் ரத்தம், சிறுநீர் முதலியவற்றில் மருந்தையும் போதைப்பொருளையும் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ‘நஞ்சு எதுவும் கண்டறியப்படவில்லை’ என்று அறிக்கை வந்தால், இறந்தவர் எதையுமே உட்கொள்ளவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. அந்த ஒற்றை வரிக்குள் மூன்று நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன: எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்துசேர்ந்த மாதிரியில், நாங்கள் செய்த சோதனைகளில், அந்தச் சோதனைகள் எட்டும் அளவு வரைக்கும், எதுவும் அகப்படவில்லை. இந்த மூன்றில் எது ஆட்டம் கண்டாலும் முடிவும் ஆட்டம் காணும். நடைமுறையில் பெரும்பாலும் ஆட்டம் காண்பது முதலாவதுதான். எத்தனை கோடி ரூபாய்க் கருவி இருந்தாலும், பிணவறை மேசையில் தப்பாக எடுத்த ரத்தத்தை அது சரிசெய்யாது. அதனால் பதிலைப் பிணவறையிலிருந்தே தொடங்குகிறேன்.

ரத்தம் என்றால் எந்த ரத்தம் என்பதுதான் முதல் கேள்வி. எடுக்க வேண்டியது தொடையின் ஃபெமோரல் சிரை ரத்தம். வயிற்றைத் திறப்பதற்கு முன்போ, திறந்ததும் முதல் வேலையாகவோ இதை எடுத்துவிட வேண்டும். இடுப்பு மடிப்புக்கு அருகே சிரையைப் பிரித்தெடுத்து, மேல்பக்கம் நூலால் கட்டிவிட்டு, கட்டுக்குக் கீழே ஊசி போட்டு 10 முதல் 20 மி.லி. இழுப்பார்கள். மேலே கட்டாமல் இழுத்தால் வயிற்றுப் பெருஞ்சிரையில் தேங்கிய ரத்தமும் சேர்ந்து இறங்கிவிடும். பாட்டிலில் ‘தொடை ரத்தம்’ என்று எழுதியிருக்கும், உள்ளே இருப்பது கலவையாக இருக்கும். ரத்தம் வரவில்லை என்று காலைக் கீழிருந்து மேலாகப் பிழிவதும் கூடாது. தசையிலிருந்து கசிவது கலந்துவிடும்.

இதயத்தில் ரத்தம் நிறைய இருக்கிறதே, அதை ஏன் எடுக்கக் கூடாது? இறந்த பிறகும் மருந்து ஓரிடத்தில் நிற்பதில்லை, இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது நுரையீரல், கல்லீரல், இதயத் தசை ஆகியவற்றில் ஏறி உட்கார்ந்த மருந்து, இறந்து செல்கள் சிதையத் தொடங்கியதும் பக்கத்தில் இருக்கும் ரத்தத்துக்குள் இறங்குகிறது. இதயம் இந்த உறுப்புகளின் நடுவே இருப்பதால் அங்குள்ள ரத்தத்தில் அளவு ஏறிவிடுகிறது. தொடை இவற்றிலிருந்து தள்ளி இருப்பதால் மாற்றம் குறைவு. மாற்றமே இல்லை என்று சொல்ல முடியாது. கொழுப்பில் கரையும், காரத்தன்மை உள்ள, உடல் எடையில் கிலோவுக்கு 3 லிட்டருக்கு மேல் பரவல் கொள்ளளவு (ரத்தத்தை விட்டுத் திசுக்களுக்குள் எவ்வளவு பரவுகிறது என்பதன் அளவு) உள்ள மருந்துகளில் இது அதிகம். மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் புரோபிரனலால் போன்றவை அந்த வகை. இதய மருந்தான டிஜாக்சின் காரத்தன்மை இல்லாதது, ஆனாலும் இதயத் தசையில் செறிந்து கிடப்பதால் அதுவும் இதே பட்டியலில் சேரும். வழக்கமான அளவில் அமிட்ரிப்டிலின் சாப்பிட்டுவந்த ஒருவர் மாரடைப்பில் இறந்திருக்கலாம். இதய ரத்தத்தை மட்டும் எடுத்து அளந்தால், அவர் மாத்திரை அட்டையையே விழுங்கித் தற்கொலை செய்துகொண்டார் என்று படிக்கத் தக்க எண் வரும். ஒரு குடும்பத்தின் காப்பீடும் மானமும் ஊசி எந்த இடத்தில் குத்தியது என்பதைப் பொறுத்திருக்கிறது.

முடிந்தால் தொடை ரத்தம், இதய ரத்தம் இரண்டையும் தனித்தனியாக எடுத்து, பாட்டிலில் இடத்தை எழுதி அனுப்புவது நல்லது. இரண்டுக்கும் உள்ள விகிதமே ஒரு சாட்சி. கல்லீரல் அளவைத் தொடை ரத்த அளவோடு ஒப்பிடுவதும் உதவும். விகிதம் 5-க்குக் கீழே என்றால் அந்த மருந்து பெரிதாக இடம் மாறுவதில்லை என்றும், 20, 30-ஐத் தாண்டினால் நிறைய மாறும் என்றும் கொள்ளும் வழக்கம் உண்டு.

அடுத்தது காப்புப் பொருள். 10 மி.லி. ரத்தத்துக்கு 100 மி.கி. சோடியம் ஃபுளோரைடு, 30 மி.கி. பொட்டாசியம் ஆக்ஸலேட் என்பது நம் பாடநூல் கணக்கு. ஆக்ஸலேட் உறையாமல் வைத்திருக்கும். ஃபுளோரைடு கிருமிகளையும் நொதிகளையும் அடக்கும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. சர்க்கரைப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரியில் பயன்படுத்தும் சாம்பல் மூடிச் சிறு குழாயிலும் ஃபுளோரைடுதான் இருக்கிறது என்று அதிலேயே ஊற்றி அனுப்பிவிடுவார்கள். அதில் மி.லி.க்குச் சுமார் 2.5 மி.கி.தான் இருக்கும். சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்ள அது போதும், வாரக்கணக்கில் கிடக்கப்போகும் ரத்தத்தில் கிருமி சாராயம் உண்டாக்குவதைத் தடுக்கப் போதாது. கோகெயின் வழக்குகளில் இன்னொரு நஷ்டமும் உண்டு. ரத்தத்திலுள்ள பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி, குழாய்க்குள்ளேயே கோகெயினைச் சிதைத்துக்கொண்டிருக்கும். ஃபுளோரைடு அதைக் கட்டிப்போடுகிறது. பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி, குளிரில் வைத்து அனுப்ப வேண்டும். கூடத்தில் நீண்ட நாள் இருப்பு என்றால் மைனஸ் 20 டிகிரி.

இனி விழித்திரவம். விழிக்கோளத்தை நிரப்பியிருக்கும் ஜெல்லி போன்ற விட்ரியஸ் திரவம், இந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் பொக்கிஷம் மாதிரி. ரத்தக்குழாய் இல்லாத இடம், வயிற்றிலிருந்து தூரம், சுற்றிலும் கெட்டியான உறை. உடல் அழுகத் தொடங்கி ரத்தம் கெட்ட பிறகும் இது தெளிவாக இருக்கும். 20 கேஜ் ஊசியைக் கண்ணின் வெளி ஓரத்தில், விழிவெண்படலம் வழியாக, நுனி விழியின் மையத்துக்குப் போகும்படி செலுத்தி, சிரிஞ்சின் பிஸ்டனை மெல்ல, மிக மெல்ல இழுக்க வேண்டும். தண்ணீர் போல இழுத்தால் வராது. பிசுபிசுவென்று நூல் இழுப்பது போல ஏறும். அவசரப்பட்டுச் சட்டென்று இழுத்தால் விழித்திரைத் துணுக்குகள் பிய்ந்து வந்து திரவம் கலங்கும். ஒரு கண்ணுக்கு 2 முதல் 2.5 மி.லி. கிடைக்கும். எடுத்த அளவுக்கு உப்புநீரோ தண்ணீரோ அதே ஊசி வழியாகச் செலுத்திவிட்டால் விழி குழிவிழாது. முகம் பார்க்கக் காத்திருக்கும் உறவினர்களுக்காக இதைத் தவறாமல் செய்ய வேண்டும்.

சிறுநீர்ப்பை காலியாக இல்லாவிட்டால் சிறுநீர் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம், 100 மி.லி. வரை. எளிதில் சோதிக்கத் தக்கது, மருந்துகளும் அவற்றின் சிதைவுப் பொருள்களும் செறிவாக இருக்கும். ஆனால் சிறுநீரில் இருப்பது ‘உடலுக்குள் போயிருக்கிறது’ என்பதை மட்டுமே சொல்லும். இறக்கும் நேரத்தில் மருந்து வேலை செய்துகொண்டிருந்ததா என்பதைச் சொல்லாது. நேர்மாறாக, ஊசி போட்ட சில நிமிடங்களில் இறந்தவரின் சிறுநீரில் ஒன்றுமே இருக்காது, ரத்தத்தில் நிறைய இருக்கும். பித்தநீரில் மார்ஃபின், பியூப்ரநார்ஃபின் போன்றவை சேர்ந்து கிடக்கும் என்பதால் 10 மி.லி. எடுத்துவைப்பது நல்லது.

இரைப்பையைப் பொறுத்தவரை மொத்தக் கொள்ளளவை அளந்து எழுதாமல் அனுப்பினால் பாதி தகவல் போய்விடும். இரைப்பையில் 400 மி.லி. இருந்து, மி.லி.க்கு 0.2 மி.கி. அமிட்ரிப்டிலின் என்று அளந்தால் மொத்தம் 80 மி.கி.; 25 மி.கி. மாத்திரை மூன்று. அதே 400 மி.லி.யில் மி.லி.க்கு 2 மி.கி. என்றால் 800 மி.கி.; முப்பத்திரண்டு மாத்திரை இன்னும் கரைந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். செறிவு மட்டும் சொன்னால் இந்த வேறுபாடு தெரியாது. இன்னொன்று: இரைப்பையில் கொஞ்சம் மருந்து இருப்பதாலேயே வாய்வழி உட்கொண்டார் என்று முடிவு கட்டக் கூடாது. காரத்தன்மை உள்ள மருந்தைச் சிரையில் ஏற்றினாலும், இரைப்பையின் அமிலம் அதை ரத்தத்திலிருந்து இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். கல்லீரலில் துண்டு வெட்டும்போது வலது மடலின் உட்பகுதியில் வெட்ட வேண்டும். இடது மடல் இரைப்பையை ஒட்டியிருப்பதால் இறந்த பிறகு அங்கே மருந்து ஊறிவிடும்.

நம் ஊரில் விசரா என்று அனுப்புவது வழக்கமாக இரைப்பையும் அதில் இருப்பதும், சிறுகுடலின் மேல்பகுதி சுமார் 30 செ.மீ., கல்லீரல் துண்டு, இரு சிறுநீரகங்களிலும் பாதி. ஊற்றுவது தெவிட்டிய உப்புக் கரைசல். பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. அழுகல் வாயு மூடியைத் தள்ளிவிடும். (ரத்தத்துக்குக் கழுத்துவரை, உறுப்புக்கு மூன்றில் இரண்டு பங்கு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.) பயன்படுத்திய உப்புக் கரைசலிலும் 25, 30 மி.லி. தனியாக சீல் வைத்து அனுப்ப வேண்டும். கரைசலிலேயே ஏதேனும் இருந்ததா என்று பின்னால் யாராவது கேட்டால் அதுதான் பதில்.

ஃபார்மலின் மட்டும் கூடவே கூடாது. திசுவைக் கெட்டியாக்கி மருந்தைப் பிரிக்க விடாது என்பது ஒரு பக்கம். மருந்தையே வேறொன்றாக மாற்றிவிடும் என்பது இன்னும் மோசம். நார்ட்ரிப்டிலின் ஃபார்மலினில் கிடந்தால் அதில் ஒரு மெத்தில் கூடி அமிட்ரிப்டிலின் ஆகிவிடும். இறந்தவர் சாப்பிடாத மருந்து அறிக்கையில் வந்து நிற்கும். வளைகுடா நாடுகளிலிருந்து எம்பாமிங் (கெடாமலிருக்க ஃபார்மலின் கலந்த திரவம் ஏற்றுவது) செய்து விமானத்தில் வரும் உடல்களில் இதே சிக்கல்தான். குடும்பத்தார் இங்கே மறு பரிசோதனை கேட்கும்போது ரத்தம் என்று சொல்லத் தக்கதே இருக்காது. எம்பாமிங் திரவத்திலேயே மெத்தனால் கலந்திருப்பதால் சாராயச் சோதனையும் பயனற்றுப் போகும். விழித்திரவம் ஓரளவு தப்பியிருக்கலாம், அதைக் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். அதைவிட, அங்கே எம்பாமிங்குக்கு முன் மாதிரி எடுத்தார்களா, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தூதரகம் வழியாக எழுத்தில் கேட்பது பலன் தரும்.

இப்போது கூடத்துக்குள் வருவோம். இந்த வேலைக்கு நம் மண்ணில் நீண்ட மரபு உண்டு. இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-இல் சென்னை மாகாணத்தில்தான் தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு பெல்ஜியத்தில் போகார்மே வழக்கில், இறந்தவரின் உறுப்புகளிலிருந்து நிகோட்டினைப் பிரித்தெடுத்துக் காட்டினார் வேதியியலாளர் ஸ்டாஸ். அமிலத்தில் ஊறவைத்துக் கழிவை நீக்கு, காரமாக்கிக் கரைப்பானுக்கு இழு என்ற அவருடைய வழி கருவிகள் எத்தனை மாறினாலும் இன்றும் மாறவில்லை.

முதல் கட்டம் சல்லடை போடுவது. எதிர்ப்பொருளை வைத்துச் செய்யும் இம்யூனோஅசே சோதனை விரைவானது. மருந்தின் உருவத்தை அடையாளம் காணும் புரதம், அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எதனோடும் ஒட்டிக்கொள்ளும். அதுதான் பலம், அதுவேதான் பலவீனம். அழுகிய உடலில் புரதம் சிதைந்து உண்டாகும் ஃபெனெத்தைலமின், டைரமின் இரண்டும் ஆம்ஃபெட்டமின் மாதிரியே தோற்றமளித்துப் பொய்யாக ‘பாசிட்டிவ்’ காட்டும். மறுபக்கம், ‘ஓபியேட்’ என்று பெயரிட்ட சோதனை மார்ஃபினுக்காகச் செய்தது. அதே போல் வேலை செய்யும் வலிநீக்கிகளான ஃபென்டனில், டிராமடால், டபென்டடால், பியூப்ரநார்ஃபின் எதுவும் அதில் சிக்காது. டபென்டடால் மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பழக்கம் தமிழ்நாட்டு இளைஞர்களிடம் பரவியிருக்கும் இந்தக் காலத்தில், கையில் ஊசித் தழும்போடு இறந்த பையனின் அறிக்கையில் ‘ஓபியேட் நெகட்டிவ்’ என்று மட்டும் இருந்தால் தேடல் இன்னும் தொடங்கவே இல்லை என்று பொருள். டபென்டடாலைத் தனியாகத் தேடச் சொல்ல வேண்டும்.

மஞ்சள் அரளி இதற்கு இன்னொரு உதாரணம். யாழ்ப்பாணப் பக்கம் 1980-களிலிருந்தே அதன் கொட்டையைத் தின்னும் தற்கொலை முயற்சிகள் கூடின. இங்கும் அது புதிதில்லை. வழக்கமான மருந்துப் பட்டியலை மட்டும் தேடும் கருவியில் அதன் நஞ்சு தட்டுப்படாமல் போகலாம். ஆனால் டிஜாக்சினுக்கான இம்யூனோஅசேயில் அது குறுக்கே ஒட்டிக்கொண்டு காட்டிக்கொடுக்கும். டிஜாக்சின் சாப்பிடாதவரின் ரத்தத்தில் ‘டிஜாக்சின்’ வந்தால் அரளியை நினைக்க வேண்டும். இதற்கு யாராவது அந்தச் சோதனையைச் செய்யச் சொல்லியிருக்க வேண்டும். மாதிரியோடு போகும் கடிதத்தில் ‘காரணம் தெரியவில்லை, விசரா அனுப்பப்படுகிறது’ என்று ஒரே வரி எழுதினால் யாருக்கும் தோன்றாது. வீட்டில் கிடந்த அட்டைகள், தோட்டத்தில் இருந்த செடி, வாந்தி, கண்பாவை அளவு, எத்தனை மணிக்குக் கடைசியாகப் பேசினார் என்று நாலு வரி எழுதினால் பரிசோதகருக்குப் பாதி வழி தெரிந்துவிடும்.

இரண்டாம் கட்டம் பிரித்தெடுப்பு. ரத்தத்தை அப்படியே கருவியில் ஏற்ற முடியாது. பொருளின் மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்துவதே பிரித்தெடுப்பின் மொத்த வித்தை. காரத்தன்மை உள்ள மருந்து, கரைசலின் பிஎச் (அமில-கார அளவு) அதன் பிகேஏ-வைவிட (பாதி மூலக்கூறுகள் மின்னேற்றம் பெற்றிருக்கும் பிஎச்) இரண்டு அலகு கூடுதலாக இருக்கும்போது மின்னேற்றம் இழந்து கரைப்பானுக்குள் போகும். 1 மி.லி. ரத்தத்தைப் போரேட் பஃபரால் (பிஎச் மாறாமல் நிறுத்தும் கரைசல்) பிஎச் 9-க்கு மேலே கொண்டுபோய், பியூட்டைல் குளோரைடு சேர்த்து, பால்போல் கலங்கிவிடாதபடி மெதுவாக உருட்டினால் பெரும்பாலான மனநல மருந்துகள் வந்துவிடும். பிறகு நீர்த்த அமிலத்துக்குள் திருப்பி இழுத்துக் கொழுப்பை ஒதுக்கலாம். மார்ஃபின் மட்டும் அடம்பிடிக்கும். அதற்கு அமில முனையும் உண்டு, கார முனையும் உண்டு. பிஎச் அதிகமானாலும் வராது, குறைந்தாலும் வராது. 9-ஐ ஒட்டி நிறுத்தி, குளோரோஃபார்மும் ஐசோபுரோப்பனாலும் 9-க்கு 1 கலந்து இழுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பிஎச் 11 என்று வைத்துக்கொண்ட கூடத்தில் மார்ஃபின் கழிவுநீரோடு சாக்கடைக்குப் போயிருக்கும்.

இப்போது பல இடங்களில் திடநிலைப் பிரித்தெடுப்புதான். 3 மி.லி. பிடிக்கும் சின்ன பிளாஸ்டிக் குழல், அடியில் வெள்ளைப் பொடி 130 மி.கி. அந்தப் பொடியில் கொழுப்பை விரும்பும் சங்கிலியும் எதிர்மின் சல்ஃபோனிக் அமிலமும் இரண்டும் உண்டு. முதலில் மெத்தனால், பிறகு பிஎச் 6 பாஸ்பேட் பஃபர் விட்டு நனைக்க வேண்டும். நனைத்த பொடி ரத்தம் ஏறும்வரை காயக் கூடாது. காய்ந்தால் விரிசல் வழியே ரத்தம் ஓடிவிடும், மருந்து ஒட்டாது. 1 மி.லி. ரத்தத்தில் ட்யூட்டிரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய மார்ஃபினை அறிந்த அளவு சேர்த்து, அதே பஃபரால் ஐந்து மடங்கு நீர்த்து, ஒலி அலைத் தொட்டியில் 15 நிமிடம் வைத்து, சுழற்றித் தெளிவை மட்டும் குழலில் விடுவார்கள். துளி துளியாக, நிமிடத்துக்கு 1, 2 மி.லி. வேகத்தில் இறங்க வேண்டும். பிறகு தண்ணீர், 0.1 மோலார் அசிட்டிக் அமிலம், மெத்தனால் என்று வரிசையாகக் கழுவல். அமிலம் மருந்தின் நேர்மின்னை உறுதிசெய்து பொடியோடு பூட்டிவிடுவதால், மெத்தனால் கொழுப்பையும் நிறத்தையும் மட்டும் கழுவிக்கொண்டு போகும். ஆனால் பாரசிட்டமால், பார்பிட்டுரேட் போன்ற அமில, நடுநிலை மருந்துகளும் அந்த மெத்தனாலிலேயே போய்விடும். அவை வேண்டுமென்றால் அதற்கு முன்பே தனிக் கரைப்பானில் பிடித்துவைக்க வேண்டும். ஐந்து நிமிடம் வெற்றிடத்தில் உலர்த்தி, டைகுளோரோமீத்தேன், ஐசோபுரோப்பனால், அம்மோனியா 78:20:2 கலவையால் மருந்தை விடுவிக்கிறார்கள். இந்தக் கலவையை அன்றன்றே தயாரிக்க வேண்டும். நேற்றைய கலவையில் அம்மோனியா பறந்துபோயிருக்கும், பூட்டு திறக்காது. எல்லா மாதிரியும் ‘நெகட்டிவ்’ ஆகிவிடும். முதலிலேயே சேர்த்த ட்யூட்டிரியம் மார்ஃபினும் காணாமல் போயிருப்பதைப் பார்த்துத்தான் தவறு பிடிபடும். அகத்தரம் என்று அதைச் சொல்வார்கள். அது இல்லாமல் தந்த ‘நெகட்டிவ்’ அறிக்கையை நான் நம்ப மாட்டேன்.

நைட்ரஜன் ஓட்டத்தில் 40 டிகிரியில் உலர்த்தும்போதும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆம்ஃபெட்டமினும் மெத்ஆம்ஃபெட்டமினும் ஆவியாகக்கூடியவை. உலர்த்துவதற்கு முன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த மெத்தனால் ஒரு துளி விட்டால் உப்பாகி நிற்கும். விடாவிட்டால் நைட்ரஜனோடு போய்விடும்.

அடையாளம் உறுதிசெய்வது நிறைமாலைமானி, அதாவது மூலக்கூறையும் அதன் துண்டுகளையும் நிறைப்படி பிரித்துக் காட்டும் கருவி. பொருள்களை ஆவியாக்கிப் பிரித்து நிறை பார்க்கும் ஜிசி-எம்எஸ் கருவியில் மார்ஃபினை அப்படியே விட்டால் குழாயில் ஒட்டி வால் நீளும். அதனால் பிஎஸ்டிஎஃப்ஏ என்ற வினைப்பொருள் சேர்த்து 70 டிகிரியில் அரைமணி வைத்து, அதன் ஹைட்ராக்சில் முனைகளுக்குச் சிலிக்கான் தொப்பி போடுகிறார்கள். துளி ஈரம் இருந்தாலும் வினைப்பொருள் கெட்டுவிடும். தொப்பி போட்ட மார்ஃபின் 429, 414, 236 என்ற நிறைகளில் தெரியும். ஒரே ஒரு நிறை தெரிந்தால் போதாது. மூன்றும் தெரிய வேண்டும், ஒன்றுக்கொன்று உள்ள விகிதமும் அறிந்த தரத்தோடு ஏறத்தாழ 20 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும், வெளிவரும் நேரமும் பொருந்த வேண்டும். திரவ ஓட்டத்தில் பிரித்து நிறை பார்க்கும் எல்சி-எம்எஸ்/எம்எஸ் கருவியில் தொப்பி தேவையில்லை. ஃபென்டனில் 337-லிருந்து 188, 105 என்று உடைவதைப் பார்த்து மிகச் சிறிய அளவையும் பிடிக்கலாம். ஆனால் அது கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் கருவி. பட்டியலில் இல்லாததைக் கண்ணெதிரே வைத்தாலும் பார்க்காது. தவிர, அழுகிய ரத்தத்தின் கசடுகள் அயனியாவதைத் தடுத்து அளவைக் குறைத்துக் காட்டும். அந்த ரத்தத்திலேயே அறிந்த அளவு மருந்தைப் படிப்படியாகக் கூட்டி அளக்கும் முறை இங்கே கைகொடுக்கும். மிக அதிக அளவு இருந்த மாதிரிக்குப் பின்னால் வெற்று மாதிரி ஒன்று ஓட்டாவிட்டால், முன்னவரின் மருந்து பின்னவர் கணக்கில் ஏறும் அபாயமும் உண்டு.

சாராயத்துக்கு வழி வேறு. 0.1 முதல் 0.2 மி.லி. ரத்தத்தைச் சிறு குப்பியில் இட்டு, அகத்தரம் சேர்த்து, அடைத்துச் சூடாக்கி, மேலே நிற்கும் ஆவியை மட்டும் இரண்டு வெவ்வேறு குழாய்களில் ஓட்டுவார்கள். அகத்தரமாக புரோப்பனாலைச் சேர்ப்பது பழைய பழக்கம். இறந்த உடலில் அது ஆகாது, அழுகும்போது புரோப்பனாலும் உண்டாகும். மூன்றாம்நிலை பியூட்டனால்தான் சரி. புரோப்பனாலை அளந்து பார்த்தால், இருக்கும் எத்தனாலில் (சாராயத்தில்) அழுகலின் பங்கு உண்டா என்றும் தெரியும். 100 மி.லி. ரத்தத்தில் 30, 40 மி.கி. வெறும் அழுகலாலேயே வரக்கூடும். வாகன ஓட்டிக்குச் சட்டம் வைத்த வரம்பே 30 மி.கி. என்பதை நினைத்தால், இதில் கவனம் எவ்வளவு தேவை என்பது புரியும். விழித்திரவத்தில் ரத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, ஏறத்தாழ 1.2 மடங்கு, எத்தனால் இருக்க வேண்டும். ரத்தத்தில் 60 இருந்து விழித்திரவத்தில் ஒன்றுமே இல்லை என்றால் பெரும்பாலும் கிருமிகளின் வேலை. சிறுநீரில், உடல் சாராயத்தைச் சிதைத்து உண்டாக்கும் எத்தில் குளுகுரனைடு, எத்தில் சல்ஃபேட் இரண்டும் இருந்தால் உயிரோடு இருந்தபோது குடித்தார் என்று சொல்லலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற மெத்தனாலும் இதே ஆவிச் சோதனையில்தான் தனி முகடாகப் பிரிந்து தெரியும்.

ஹெராயினில் நேரம்தான் எல்லாம். ரத்தத்தில் சில நிமிடங்களில் 6-மோனோஅசிட்டைல்மார்ஃபின் ஆகி, அதுவும் அரைமணிக்குள் பாதிக்கு மேல் மார்ஃபினாகிவிடும். மார்ஃபின் மட்டும் இருந்தால் ஹெராயின் என்று சொல்ல முடியாது. மருத்துவர் தந்த மார்ஃபினாக இருக்கலாம், கோடீனாக இருக்கலாம், குருமாவில் அரைத்த கசகசா சிறுநீரில் விட்ட சுவடாகக்கூட இருக்கலாம். அந்த இடைப்பொருள் கிடைத்தால்தான் ஹெராயின் உறுதி. ரத்தத்தில் மறைந்த பிறகும் விழித்திரவத்திலும் சிறுநீரிலும் அது மிஞ்சியிருக்கும். கட்டற்ற மார்ஃபினுக்கும், கல்லீரல் குளுகுரனைடாக மாற்றியதையும் சேர்த்த மொத்த மார்ஃபினுக்கும் உள்ள விகிதம் அதிகமாக இருந்தால் ஊசிக்குப் பின் விரைவில் மரணம் என்று கொள்வது வழக்கம். ஆனால் அழுகிய உடலில் கிருமிகள் குளுகுரனைடை உடைத்து மீண்டும் மார்ஃபினாக்கிவிடும். அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

கிருமிகள் நைட்ராசிபாம், குளோனசிபாம் என்ற தூக்க, வலிப்பு மருந்துகள் இரண்டையும் இன்னும் சுத்தமாகத் துடைத்துவிடும். வெயிலில் ஒரு நாள் கிடந்த உடலில் அசல் மருந்து காணாமலே போய், அது சிதைந்து வந்த 7-அமினோ வடிவம் மட்டும் நிற்கும். அந்த வடிவத்தைத் தேடாத கூடத்துக்கு அது ‘நெகட்டிவ்’. ரத்தமே இல்லாத நிலையில் தொடைத் தசையும் கல்லீரலும் உதவும். பிரிட்டனில் 15 கொலைகளுக்காக 2000 ஜனவரியில் தண்டிக்கப்பட்ட டாக்டர் ஹெரால்டு ஷிப்மேன் வழக்கில், தோண்டியெடுத்த உடல்களின் தொடைத் தசையிலும் கல்லீரலிலும் கிடைத்த மார்ஃபின்தான் அவரைப் பிடித்துக்கொடுத்தது.

அறிக்கையில் எண் வந்த பிறகு, அதை ஒரு ‘மரண அளவு’ அட்டவணையில் வைத்துப் பார்த்து முடிப்பதுதான் மிகப் பெரிய தவறு. லிட்டருக்கு 0.2 மி.கி. மார்ஃபின், பழக்கமில்லாதவரின் மூச்சை நிறுத்தலாம். மாதக்கணக்கில் மார்ஃபின் எடுக்கும் புற்றுநோயாளி அதே அளவோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். அட்டவணைகளில் பல, உயிருள்ளவரின் பிளாஸ்மாவில் அளந்தவை. நம்மிடம் இருப்பது இறந்தவரின் முழு ரத்தம். ரத்த அளவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ‘இத்தனை மாத்திரை விழுங்கினார்’ என்று நீதிமன்றத்தில் சொல்வது எந்தச் சூழலிலும் சரியில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்ததும் பட்டியலில் வரும்: பூச்சிமருந்துக்குக் கொடுத்த அட்ரோபின், மூச்சுக்குழாய் பொருத்தும்போது போட்ட மிடசோலம், ஃபென்டனில், மரத்துப்போகப் போட்ட லிக்னோகெயின். சிகிச்சைக் குறிப்பின் நகல் மாதிரியோடு போகாவிட்டால், காப்பாற்றப் போட்ட ஊசியே கொன்ற மருந்தாகத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் சில மணி நேரமாவது உயிரோடு இருந்தவர் என்றால், சேர்த்தவுடன் எடுத்த முதல் ரத்தம் எல்லாவற்றையும்விட மேலான மாதிரி. இடமாற்றம் இல்லை, அழுகல் இல்லை, சிகிச்சை மருந்தும் இன்னும் ஏறவில்லை. ஆஸ்பத்திரி ஆய்வகங்கள் மிச்ச ரத்தத்தைச் சில நாளில் எறிந்துவிடும். விசாரணை அதிகாரியும் உறவினரும் முதல் நாளே எழுத்தில் கேட்டு அதைப் பிடித்துவைக்க வேண்டும்.

‘நெகட்டிவ்’ அறிக்கையைக் கையில் வைத்திருப்பவர்கள் வழக்கறிஞர் மூலம் கேட்க வேண்டியவை இவை: ரத்தம் எந்த இடத்தில் எடுத்தது, என்ன காப்புப் பொருள், எத்தனை நாள் கழித்துச் சோதித்தார்கள், இடையில் குளிரில் இருந்ததா, எந்தெந்த மருந்துகளைத் தேடினார்கள், ஒவ்வொன்றுக்கும் கண்டறியும் கீழ்வரம்பு என்ன, உறுதிப்பாடு நிறைமாலைமானியிலா அல்லது மெல்லிய தகட்டில் புள்ளியின் நிறத்தைப் பார்க்கும் மெல்லேட்டு நிறச் சோதனையோடு நின்றதா. அரசு அறிவியல் நிபுணரின் அறிக்கை, நிபுணர் நேரில் வராமலே சாட்சியமாக ஏற்கப்படலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவு. அதே பிரிவில் நீதிமன்றம் அவரை அழைத்து விசாரிக்கவும் இடம் இருக்கிறது. மிச்ச மாதிரி அழிக்கப்படுவதற்கு முன் கேட்டால் இன்னொரு கூடத்துக்கு அனுப்பி மறுசோதனை செய்யவும் வழி உண்டு. அந்த மனுவில் ‘மீண்டும் சோதிக்கவும்’ என்று பொதுவாக எழுதாமல், ‘டபென்டடால், 7-அமினோகுளோனசிபாம் இரண்டையும் எல்சி-எம்எஸ்/எம்எஸ் முறையில் தேடவும்’ என்பதுபோல் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.